ஒற்றைத்தோளர் விட்ட ஆறு முழம்

விடியும் முன்னே திருநொச்சியூர்க் கோயிலில் வாகன மண்டபத்தின் கதவு திறக்கும். முதலில் உள்ளே போகிறவரின் கையில் தென்னந்துடைப்பம் இருக்கும். அவருடைய வலது தோள் இடது தோளைவிட நாலு விரற்கடை இறங்கியிருக்கும். அவர்தான் மருதவாணர்.

மண்டபத்தைப் பெருக்குவார். வௌவால் எச்சத்தைச் சுரண்டி எடுப்பார். பல்லக்கைத் தாங்கும் நீண்ட மரத்தண்டுகளுக்கு வாரை என்று பெயர். அந்த வாரைகளுக்கு இலுப்பெண்ணெய் தடவுவார். எல்லாம் முடிந்த பிறகு, வாசலை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் முன்வாரையின் அடியில் குனிந்து, இடது தோளை அதில் ஒட்ட வைத்து நிற்பார். தூக்க மாட்டார். சும்மா நிற்பார். ஐந்தெழுத்தை ஐந்து முறை சொல்லும் நேரம். அதுதான் அவருடைய பூசை.

இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் அந்த வாரையைச் சுமந்தவர். சுவாமியைத் தோளில் எடுத்துச் செல்லும் சீர்பாதக்காரர்களில் முன்வரிசை ஆள். ஒரு பங்குனித் திருவிழாவில், கீழவீதி முனையில், சுவாமி வருகிறார் என்று வீட்டுக்காரர்கள் தெளித்த தண்ணீரில் பக்கத்தில் நடந்தவரின் கால் வழுக்கியது. வாரை சரிந்தது. இரண்டு ஆள் பாரத்தை மருதவாணர் ஒருவரே வாங்கினார். மற்றவர்கள் சுதாரிக்கும் வரை வாங்கினார். சுவாமி ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை. மருதவாணரின் வலது தோளெலும்புதான் முறிந்தது.

வைத்தியர் கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. சீர்பாதத்தில் ஒரு விதி உண்டு. நெடுந்தூரம் போகும்போது குரல் கொடுத்தால் எல்லாரும் தோள் மாற்ற வேண்டும். ஒரு தோள் மட்டும் உள்ளவருக்கு வாரையடியில் இடம் கிடையாது. அவர் கையில் துடைப்பம் வந்தது. ஊர் அவருக்கு ஒரு பெயரும் கொடுத்தது. ஒற்றைத்தோளர். சிலர் இரக்கத்தோடு சொன்னார்கள். பலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். மருதவாணர் இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்த்தார்.

சிக்கல் ஆனி மாதக் கடைசியில் வந்தது.

கோயில் மணியக்காரர் சபேசம் பிள்ளை கண்டிப்பானவர். கெட்டவர் அல்லர்; ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு விதி வந்துவிட்டால் அதை அவராலேயே திரும்ப விழுங்க முடியாது. நந்தவனத்துக்குத் தெற்கே, ஆற்றங்கரை வரை கிடந்த தரிசைத் திருத்தி ஆறு துண்டாக்கினார். வசதியற்ற ஆறு ஊழியக் குடும்பங்களுக்குத் துண்டு ஒன்றாகக் கொடுப்பது, அதுவரை அவர்களுக்கு அளந்துகொண்டிருந்த படியரிசியை நிறுத்திவிடுவது என்பது ஏற்பாடு. காய்கறி போட்டுப் பிழைத்துக்கொள்ள வேண்டும். புரட்டாசி முதல் தேதியிலிருந்து ஐப்பசி கடைசி நாள் தீர்த்தவாரி வரைக்கும், தினமும் உச்சிக்கால மணி அடிப்பதற்குள் ஒரு கூடை காய் மடைப்பள்ளிக்கு வந்தாக வேண்டும். தலை தட்டிய முழுக்கூடை. மூன்று நாள் தவறினால் நிலம் பறிபோகும்.

நிலம் போனால் மருதவாணருக்குச் சோறு இல்லை. சோறு இல்லையென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். ஊரை விட்டுப் போனால் விடியற்காலையில் அந்த வாரை இல்லை. முதல் இரண்டைவிட மூன்றாவதைத்தான் அவர் பெரிதாக எண்ணினார்.

யாருக்கு எந்தத் துண்டு என்று சன்னிதியில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். நல்ல களிமண் கலந்த முதல் துண்டு கூத்தையனுக்கு விழுந்தது. கோயிலில் விறகு பிளக்கும் கூத்தையனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மருதவாணருக்கு ஆறாவது துண்டு விழுந்தது. ஆற்றின் படித்துறையை ஒட்டிய மேட்டுமணல். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. ஊற்றிய கை திரும்புவதற்குள் காணாமல் போகும்.

“சாமி உங்களுக்குன்னு பாத்து எடுத்துக் குடுத்திருக்காரு அண்ணே” என்றார் கூத்தையன்.

“ஆமாப்பா” என்றார் மருதவாணர். அவர் கிண்டலுக்குப் பதில் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

ஆடி முதல் நாள் கயிறும் முளைக்குச்சிகளுமாகக் கணவனும் மனைவியும் கொல்லையில் இறங்கினார்கள். மனைவி தையல்நாயகி அம்மையார் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எது எங்கே என்பதில் அவருக்குக் கணக்கு உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கீரை. நடுவில் கத்தரியும் வெண்டையும். பாகல், புடலை, அவரைக்குப் பந்தல். ஓரத்தில் படர்ந்து போகப் பூசணி. சுரையும் முருங்கையும் அந்தக் கோயில் மடைப்பள்ளி வாசலைத் தாண்டாது; ஆகவே அவை வேண்டாம். இவ்வளவையும் அம்மையார் சொல்லிக்கொண்டே போனார். மருதவாணர் தலையாட்டிக்கொண்டே நடந்து நடந்து குச்சி அடித்தார்.

வெயில் ஏறியபோது அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றார்.

வடக்கே நந்தவன வேலியிலிருந்து தெற்கு நோக்கி, கொல்லையின் நடுவே, ஒரு வழி ஓடியது. அகலம் ஆறு முழம். கோடியில் போய்ப் படித்துறைப் பக்கமாகக் கிழக்கே திரும்பியது. அந்தத் திருப்பம்கூட வரப்பு திரும்புவதுபோல் மூலையடித்துத் திரும்பவில்லை. உள்பக்கம் வளைந்து, வெளிப்பக்கம் இன்னும் அகன்று, வில்லைப்போல் திரும்பியது. உயரப் பந்தல்களெல்லாம் வழியை விட்டு விலகி மேற்கு ஓரத்துக்குப் போயிருந்தன. வழியின் இரு கரையிலும் முழங்காலுக்கு மேல் வளராத கீரைக்கும் வெள்ளரிக்கும்தான் இடம்.

“ஏங்க, தண்ணிக் குடத்தோட ஒரு ஆளு நடக்க ஒரு முழ வரப்பு போதுமே. இது யாரு நடக்க?”

மருதவாணர் திரும்பிப் பார்த்தார். அவருக்கே திக்கென்றது.

நடந்தது இதுதான். வழி என்றால் எவ்வளவு அகலம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடமும் அவர் நடந்த வழியெல்லாம் பல்லக்கு நடந்த வழி. இரண்டு வாரை, வாரைக்கு இரு பக்கமும் ஆள், குடை பிடிப்பவர் ஒதுங்க ஓர் இடைவெளி. அதுதான் அவர் கால்களுக்குத் தெரிந்த அளவு. நீளமான வாரை மூலையில் மடங்காது. ஆகவே திருப்பத்தை அகட்டியிருந்தார். குடை தட்டக் கூடாது. ஆகவே பந்தலைத் தள்ளியிருந்தார். கை குச்சி அடித்ததே தவிர, அளந்தது கால். தெரியாமல் செய்துவிட்டார். தெரிந்த பிறகு மாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

“இருக்கட்டும் தையலு” என்றார்.

நிலத்தில் ஆறில் ஒரு பங்கு வழியாகப் போயிற்று.

அதோடு விட்டாரா? அதுவும் இல்லை. மற்ற ஐந்து பேரும் எருக்கூடை சுமந்தபோது அவர் இடது தோளில் மணற்கூடை சுமந்தார். தினமும் பன்னிரண்டு கூடை ஆற்றுமணலை வழியில் கொட்டி, நடுவைச் சற்று மேடாக்கி, காலால் மிதித்து இறுக்கினார். தண்ணீர் ஒரு சொட்டும் வழியில் தேங்கக் கூடாது. ஈரத்தில் வழுக்கினால் என்ன ஆகும் என்று அவர் தோளுக்குத் தெரியும். மிதிக்கும்போது வாய் ஐந்தெழுத்தைச் சொல்லும். கால் சீர்பாத நடையில் விழும்.

ஊர் சிரிப்பதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

“என்ன ஒத்தத்தோளண்ணே, கத்திரிக்காய்க்குக் கல்யாணமா? ஊர்கோலம் போற மாதிரி வீதி போட்டிருக்கீங்க” என்று கூத்தையன் வேலி ஓரமாக நின்று கேட்டார். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் வேண்டுமென்றே சுற்றி வந்து அந்த வீதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆவணியில் மணியக்காரரே வந்துவிட்டார். கையில் அளவுகோல். கூடவே இரண்டு ஆட்கள். வழியின் அகலத்தை அளந்தார். நீளத்தை அளந்தார். திருப்பத்தில் நின்று கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

“மருதவாணா, உனக்கு நிலம் குடுத்தது காய் போட. வீதி போட இல்ல.”

“காய் வந்துரும் எசமான்.”

“வரலேன்னா?”

“நிலத்தை எடுத்துக்குங்க. வழியை மட்டும் உழ விட்டுராதீங்க.”

சபேசம் பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார். பைத்தியமா, திமிரா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. மூணு நாள், ஞாபகம் வெச்சுக்கோ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசி பிறந்தது. கூடைகள் போகத் தொடங்கின. மணற்கொல்லையில் கத்தரி சோம்பியது. கீரையும் வெண்டையும் கைகொடுத்தன. பத்தாம் நாள் காலை வெண்டையில் மஞ்சள் நோய் தெரிந்தது. அன்று கூடை பாதிதான் நிறைந்தது. பாதிக்கூடையை மடைப்பள்ளியில் வாங்க மாட்டார்கள். ஒன்று போயிற்று.

ஐப்பசி நாலாம் தேதி. இரண்டு நாள் அடைமழைக்குப் பின் அவரைப் பந்தலில் பூவெல்லாம் உதிர்ந்து கிடந்தது. புடலையில் பிஞ்சு அழுகியது. அன்றும் கூடை நிறையவில்லை. இரண்டாவது நாளும் போயிற்று.

இனி ஒன்றுதான். இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது.

அன்று பகலில் மருதவாணர் மணற்கூடையோடு ஆற்றிலிருந்து திரும்பியபோது, வழியின் தலைமாட்டில் தையல்நாயகி அம்மையார் மண்வெட்டியோடு நின்றார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். இடுப்பு முடிச்சில் கீரை விதை.

“இன்னிக்கு வெதச்சா இருவது நாள்ல கீரை வந்துரும். கடைசி அஞ்சு நாளைக்காவது பயமில்லாம இருக்கலாம். தள்ளுங்க.”

மருதவாணர் தள்ளவில்லை. தடுக்கவும் இல்லை. கூடையை இறக்கிவிட்டு வழியின் ஓரமாக உட்கார்ந்தார். அம்மையார் மண்வெட்டியை ஓங்கினார்.

“இருபத்திரண்டு வருசம் அவரு என் தோள்ல வந்தாரு தையலு” என்றார் மருதவாணர். குரல் உயரவில்லை. “இப்ப என் தோள்ல அவருக்கு எடமில்ல. மண்ணுலயாவது கொஞ்சம் எடம் இருக்கட்டுமேன்னுதான்.”

ஓங்கிய மண்வெட்டி அப்படியே நின்றது. பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார். கீரை விதை முடிச்சை இறுக்கிக் கட்டினார். கணவர் இறக்கி வைத்திருந்த மணற்கூடையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வழியில் கொட்டப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கத்திமேல் நடந்த கதைதான். ஒரு நாள் பாகல். ஒரு நாள் முற்றாத பூசணிப் பிஞ்சுகள். ஒரு நாள் தங்கள் சோற்றுக்கு வைத்திருந்த சேப்பங்கிழங்கையும் போட்டுக் கூடையின் தலையை நிரப்பினார்கள். மணி அடிக்க ஆள் கயிற்றைப் பிடித்துவிட்ட நேரத்தில் கூடை மடைப்பள்ளிக்குள் நுழைந்த நாளும் உண்டு.

ஐப்பசி கடைசி நாள் வந்தது. தீர்த்தவாரி. சுவாமி ஆற்றுக்கு எழுந்தருளி, உச்சிப்பொழுதுக்குள் நீராட வேண்டிய நாள். மருதவாணர் கடைசிக் கூடை கொடுக்க வேண்டிய நாளும் அதுதான்.

முதல் நாள் பிடித்த மழை விடிந்தபோதுதான் விட்டது. அம்மையார் கொல்லையில் காலை வைத்தார். பந்தல் படுத்துக் கிடந்தது. கத்தரிச் செடிகள் வேரோடு சாய்ந்திருந்தன. கீரை மண்ணோடு மண். உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான். வழியின் இரு கரையிலும் போட்டிருந்த வெள்ளரி. வழிக்கென்று சுமந்த மணல் கரைக்கும் வழிந்து மிதிபட்டு இறுகியதால், அங்கே மட்டும் மழை மண்ணை அரித்துக்கொண்டு போகவில்லை. இலைகளைப் புரட்டிப் புரட்டி இருவரும் பிஞ்சு பறித்தார்கள். விரல் நீளம் வந்ததைக்கூட விடவில்லை. கூடையின் தலை நிறைந்தபோது கொடியில் இனிப் பறிக்க ஒன்றும் இல்லை.

மருதவாணர் கூடையைத் தூக்கிக்கொண்டு நந்தவனம் நோக்கி நடந்தார். உச்சிக்கால மணிக்கு இன்னும் மூன்று நாழிகை இருந்தது. போதும். தாராளமாகப் போதும்.

பாதி வழியில் நின்றார்.

எதிரே நந்தவன வேலியை நாலு பேர் அரிவாளால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேலி சாய்ந்தது. அந்தப் பக்கம் மேளச்சத்தம். குடை. குடைக்குக் கீழே பல்லக்கு.

சீர்பாதத் தலைவர் மாசிலாமணி முன்னால் ஓடி வந்தார். மேல்மூச்சு வாங்கியது. ஆற்றங்கரைச் சாலை, முதல் துண்டுக்குப் பக்கத்தில், காலையில் உடைத்துக்கொண்டது. தண்ணீர் பள்ளத்தில் இருந்த ஐந்து கொல்லைக்கும் பாய்ந்துவிட்டது. எப்போதும் சுவாமி போகிற வழி இப்போது ஆறு. உச்சி தாண்டினால் தீர்த்தவாரி தவறும். கோயில் கட்டிய நாளிலிருந்து தவறியதில்லை. மணியக்காரர் தலையில் கை வைத்துவிட்டார். அப்போது இடுப்பளவு தண்ணீரில் தன் கொல்லையைத் தேடிக்கொண்டிருந்த கூத்தையன்தான் சொல்லியிருக்கிறார்: “ஒத்தத்தோளண்ணன் கொல்லையில வழி இருக்குங்க.”

மேட்டுமணலான ஆறாவது துண்டு மட்டும் நீருக்கு மேல் நின்றது.

“வழி தாங்குமா அண்ணே?” என்றார் மாசிலாமணி.

மருதவாணர் தலையசைத்தார். கூடையை ஓரத்தில் வைத்தார். மேல்துண்டை இடுப்பில் இறுக்கினார். ஆடியிலிருந்து தினமும் மிதித்த வழியைக் குனிந்து ஒரு முறை தொட்டார். பிறகு சுவாமிக்கு முன்னால், முதுகு ஆற்றைப் பார்க்க, முகம் சுவாமியைப் பார்க்க, பின்னோக்கி நடந்தபடி குரல் கொடுத்தார்.

“ஹர ஹர. நேர் நடை. கூசாம வைங்க. வழுக்காது.”

பல்லக்கு ஆறு முழ வழியில் இறங்கியது. பன்னிரண்டு பேரின் இருபத்துநான்கு பாதங்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை. குடை எதிலும் தட்டவில்லை. உள்ளே உற்சவர் சந்திரசேகரர், பக்கத்தில் அவருக்காக நீராடப் போகும் சூல வடிவான அஸ்திரதேவர். பின்னால் குருக்கள், அவருக்குப் பின்னால் மணியக்காரர், அதற்குப் பின்னால் அந்த வழியைப் பார்த்துச் சிரித்த ஊர். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

திருப்பம் வந்தது.

“உள்வாரை நில்லு. வெளிவாரை எட்டி வை.”

வாரை வில்லாகத் திரும்பியது. அந்த நொடியில் வெளிவாரையின் முன்னால் இருந்த வயிரவன் என்பவரின் முகம் வெளுத்தது. நந்தவனச் சேற்றிலேயே அவர் கணுக்கால் பிசகியிருந்தது. சுவாமி வேலை தடைபடுமே என்று மறைத்துவிட்டார். இப்போது எட்டி வைத்த கால் மடங்கியது.

மருதவாணர் அதைப் பார்த்தார். கீழவீதி முனை அவர் கண்ணுக்குள் வந்து போனது.

“கட்டை” என்றார்.

ஒரே குரலுக்கு, பல்லக்கை நிறுத்தக் கையோடு கொண்டுவரும் தாங்குகட்டைகள் நாலும் வாரைக்கு அடியில் விழுந்தன. பல்லக்கு கட்டைகளின் மேல் நின்றது. சாயவில்லை. வயிரவன் மணலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் இப்போது வேறு ஒன்று மாட்டிக்கொண்டது. வழியில் சுவாமி கட்டையில் நின்றுவிட்டால், நிவேதனம் ஆகாமல் திரும்பத் தூக்கக் கூடாது. திருநொச்சியூரில் அது வழிவழி வந்த மரபு. குருக்கள் சுற்றும்முற்றும் பார்த்தார். மடைப்பள்ளியில் அன்று எதுவும் தயாராகவில்லை. ஐந்து கொல்லையும் மூழ்கியதில் ஒரு கூடைகூட உள்ளே போகவில்லை.

“யாரிட்டயாவது ஏதாவது இருக்கா? ஒரு பழம் இருந்தாக்கூடப் போறும். நாழியாறது.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. மருதவாணர் தன் மனைவியைப் பார்த்தார்.

எதிரே வந்த கூட்டத்தைத் தாண்டிப் போக முடியாமல் அம்மையார் அந்தக் கூடையோடு பின்னாலேயே வந்து, அதைப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தார். பச்சையாகவே படைக்கக்கூடிய வெள்ளரிப் பிஞ்சு. ஆனால் படைத்த பொருள் மறுபடி மடைப்பள்ளிக்குள் போகாது. இரண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தால் கூடையின் தலை குறையும். குறைந்த கூடையை வாங்க மாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் அது மூன்றாவது நாள். நிலம் போகும். சோறு போகும். வாரை போகும். இவ்வளவும் தையல்நாயகி அம்மையாருக்குத் தெரியும். விதிபோட்ட மணியக்காரர் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மையார் கூடையைத் தூக்கினார். நேராக நடந்து வந்து குருக்களின் முன்னால் முழுக்கூடையையும் வைத்தார்.

“ரெண்டு போறும்மா” என்றார் குருக்கள்.

“நம்ம கொல்லைக்கு அவரே வந்திருக்காரு சாமி. ரெண்டை எப்படி எடுத்துக் குடுக்கறது?”

மணி ஒலித்தது. தீபம் காட்டினார்கள். மருதவாணர் தரையில் விழுந்து வணங்கினார். எழ அவருக்கு மனமில்லை.

மாசிலாமணி குனிந்து அவர் காதருகே சொன்னார். “அண்ணே, எந்திரிங்க. வெளிவாரையில ஆளில்ல. அங்க எடது தோள்தான் வேணும். படித்துறைக்கு முப்பது எட்டு வெச்சாப் போதும். தோள் மாத்த வேண்டியதில்ல.”

மருதவாணர் எழுந்தார். நடந்து போய் வாரைக்கு அடியில் குனிந்தார். தினமும் விடியலில் குனிகிற அதே குனிவு. இந்த முறை வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தூக்கினார்கள்.

பிற்காலத்தில் எத்தனையோ பேர் அவரைக் கேட்டார்கள், அந்த முப்பது எட்டில் என்ன நடந்தது என்று. அவர் ஒரே ஒரு முறை, மனைவியிடம் மட்டும் சொன்னார். வாரை இடது தோளில்தான் இருந்ததாம். ஆனால் இடது தோளில் பாரமே தெரியவில்லையாம். இறங்கிக் கிடந்த வலது தோளில்தான் ஏதோ தெரிந்ததாம். தன்னோடு கூட நடந்து வருகிற ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு வருவதுபோல. படித்துறை வரை அந்தக் கை எடுபடவில்லையாம்.

அஸ்திரதேவர் ஆற்றில் மூன்று முறை மூழ்கி எழுந்தார். நீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது. தீர்த்தவாரி தவறவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது.

மருதவாணர் ஆர்ப்பரிக்கவில்லை. அவர் மணியை எண்ணிக்கொண்டிருந்தார்.

படித்துறையின் மேற்படியில் சபேசம் பிள்ளை நின்றார். மடைப்பள்ளி ஆள் ஈரவேட்டியோடு அவரிடம் வந்து கைகட்டினான். மணியக்காரர் அவனைக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. விதி அவருடையது.

“ஆறாந்துண்டுக் கூடை வந்துதா?”

“வரலீங்க.”

ஊர் மருதவாணரைத் திரும்பிப் பார்த்தது. தையல்நாயகி அம்மையார் கணவரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். மாசிலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருதவாணர் வேண்டாம் என்று கையசைத்தார்.

குருக்கள் ஈரத்தோடு படியேறி வந்தார். கையில் அந்தக் கூடை.

“யார் சொன்னது வரலைன்னு? கூடை வந்தது. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்தது. மடைப்பள்ளி வரைக்கும் போவானேன்னு, சுவாமியே வழியில வந்து வாங்கிண்டுட்டார்.”

சபேசம் பிள்ளை கூடையைப் பார்த்தார். தலை தட்டிய கூடை. மேலே ஒரு வில்வம். அவர் கண்ணை மூடித் திறந்தார். தன் வாயிலிருந்து வந்த விதியை விழுங்க முடியாத அந்த மனிதர், விழுங்காமலே தப்பிக்க வழி கிடைத்ததில் முதல் முறையாக மூச்சு விட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சுவாமி ஒரு முறை நின்று நிவேதனம் ஏற்ற இடத்தில் ஆண்டுதோறும் நின்றாக வேண்டும். அந்த இடத்துப் படையலைச் செய்தவரை அந்த இடத்திலிருந்து எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. ஆறாம் துண்டு, வழியோடு சேர்த்து, மருதவாணர் குடும்பத்துக்கு.

“வேற என்னப்பா வேணும், கேளு” என்றார்.

மருதவாணர் யோசித்தார். கூட்டத்தின் ஓரத்தில் சேற்று வேட்டியோடு கூத்தையன் நின்றார். அவருக்கு அன்று கூடை இல்லை. முன்பே இரண்டு நாள் தவறியிருந்தது. அதைச் சொல்லவும் வாய் வராமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி பூந்ததுக்குக் கொல்லைக்காரங்க என்ன பண்ணுவாங்க எசமான். இன்னிய கணக்கை அஞ்சு பேருக்கும் விட்டுருங்க. கூத்தையன் சொல்லலேன்னா சாமி இன்னிக்கு இந்தப் பக்கம் வந்திருக்காது.”

கேட்டது அது ஒன்றுதான். கிடைத்தது.

மறுநாள் விடியும் முன்னே வாகன மண்டபக் கதவு திறந்தது. துடைப்பத்தோடு மருதவாணர் உள்ளே போனார். பெருக்கினார். எண்ணெய் தடவினார். வாரைக்கு அடியில் குனிந்தபோது ஒன்று கவனித்தார். மழைக்காலம் பிறந்தால் குடைந்தெடுக்கும் வலது தோள் அன்று வலிக்கவில்லை. எலும்பு கோணல் கோணல்தான், இறங்கியது இறங்கியதுதான். வலி மட்டும் இல்லை. அவர் ஆயுள் முடியும் வரை அது திரும்பவே இல்லை.

இன்றும் திருநொச்சியூரில் ஐப்பசி கடைசி நாளில் சுவாமி சாலை வழியே போவதில்லை என்பார்கள். சாலை நன்றாக இருந்தாலும் காய்கறிப் பாத்திகளுக்கு நடுவேதான் போகிறார். திருப்பத்தில் பல்லக்கு கட்டையில் நிற்கும். ஒரு கூடை வெள்ளரிப் பிஞ்சு வரும். முழுக்கூடை, ஒன்றும் எடுத்துவைக்காத கூடை.

எப்போது வருவார் என்று தெரியாமலே அவருக்கு ஆறு முழம் விட்டுவைத்த ஒற்றைத்தோளரையும், ஓங்கிய மண்வெட்டியைக் கீழே வைத்த அம்மையாரையும் நினைக்கிற நெஞ்சில், அந்த அகலத்துக்கு ஒரு வழி தானே பிறக்கட்டும்.